ஒத்திகையில் செலவான நாலு குப்பி

எங்கள் ஊரில் மலேரியா கிடையாது. இதை என் கைப்பட முப்பத்தைந்து மாதம் எழுதியிருக்கிறேன். மாதக் கடைசியில் பச்சை அட்டைப் பதிவேட்டைத் திறப்பேன், 'உள்ளூர் நோயாளிகள்' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போடுவேன், மூடுவேன். தொடர்ந்து முப்பத்தாறு பூஜ்யம் சேர்ந்தால் மேலிடத்துக் குழு வந்து பார்த்து, 'மலேரியா இல்லாப் பகுதி' என்று சான்றிதழ் தரும். முப்பத்தாறாவது பூஜ்யத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

என் பெயர் நாகநாதன். நயினார்கோவில்காரன். பாம்பன் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து பத்தொன்பது வருடமாக சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதுவே காரணம்.

குழு வருவதற்கு முன்னால் ஒழிப்பு அலுவலர் டாக்டர் மாரீஸ்வரன் எங்கள் நிலையத்திலேயே முகாம் போட்டுவிட்டார். அவருடைய முதல் உத்தரவு, முப்பத்தாறு பூஜ்யத்தின் நினைவாக முப்பத்தாறு சவுக்குக் கன்று நட வேண்டும் என்பது. எங்கள் ஊர் மண்ணில் கன்று பிழைக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே மணலில் இடுப்பளவு குழி தோண்டி, ஊறும் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும். ஆகவே முப்பத்தாறு கன்று, முப்பத்தாறு குழி, குழிக்குக் குழி நல்ல தண்ணீர். அதில் கொசுப்புழு நெளிந்ததை நான் பார்த்தேன். சொன்னேன். "விழா முடிஞ்சதும் மூடலாம் நாகநாதன், இப்ப கன்று வாடிடும்" என்றார் அலுவலர்.

இரண்டாவது உத்தரவு, தயார் நிலை. ஒருவேளை மலேரியா வந்தால் நாங்கள் தயார் என்று குழுவுக்குக் காட்ட வேண்டும். தீவிர மலேரியாவில் விழும் குழந்தைகளுக்கு ஆர்ட்டிசுனேட் என்ற ஊசி மருந்து உண்டு. எங்களிடம் இருந்தது இரண்டு குப்பி. இரண்டு குப்பி அலமாரியில் எடுபடவில்லை என்று அலுவலர் வருத்தப்பட்டார். பாலத்துக்கு அக்கரைக் கிராமங்களில் இருந்ததையெல்லாம் திரட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததையும் வாங்கிவந்தார். மொத்தம் இருபத்துநாலு குப்பி. கண்ணாடி அலமாரியில் நாலு வரிசையாக அடுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டி, பூட்டி, பூட்டின்மேல் அரக்கு முத்திரையும் வைத்தார். 'குழந்தைகளுக்கான தீவிர மலேரியா சிகிச்சை: தயார் நிலை' என்று அட்டை ஒட்டினார். சாவி என் இடுப்பில்.

செவ்வாய்க்கிழமை மதியம் யேசுதாஸ் வந்தான். சவுக்குக் கன்றுகளுக்குப் பின்னால் முதல் வீடு அவனுடையது. வள்ளத்தில் போகிறவன், காற்றடித்தால் கரையில் வலை பின்னுகிறவன். தோளில் மகள் ஷெரின் கிடந்தாள். ஆறு வயது. பின்னால் மனைவி புஷ்பமேரி, செருப்பில்லாமல்.

"சார், நாலு நாளாக் காச்சல் சார். கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தோம். இப்பக் கண்ணைத் தெறக்க மாட்டேங்கிறா. வார வழியில வெட்டு வந்து கையும் காலும் இழுத்துக்கிருச்சு சார்."

செவிலியர் ஹமீதா பானு குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டார். பதினைந்து நிமிடம். மலேரியாக் கோடு விழுந்தது. மங்கலான கோடெல்லாம் இல்லை, அழுத்தமான கோடு.

அலுவலர் ஓடி வந்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது எப்படி இருக்க முடியும்? நம்ம பகுதியிலதான் மலேரியா இல்லையே."

"பிள்ளைக்கு இருக்கு சார்," என்றார் ஹமீதா பானு. "மூளைக்கு ஏறிருச்சு போல. உடனே ஊசி போடணும்."

"அவசரப்படாதீங்க சிஸ்டர். முதல்ல இந்த மலேரியா எந்த ஊர் மலேரியான்னு பார்க்கணும்." அவர் புஷ்பமேரி பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டார். "ஏம்மா, பிள்ளையை எங்கேயாவது வெளியூர் கூட்டிட்டுப் போனீங்களா?"

புஷ்பமேரி ஒரு தவறு செய்தாள். நேர்ச்சை பற்றிச் சொன்னால் பெரியவருக்கு மனமிரங்கும் என்று நினைத்தாள். "ஆமா சார். மார்ச்சுல அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு கூட்டிட்டுப் போனோம். இவ பேருக்கு மெழுகுவத்தி நேந்திருந்தோம் சார்."

அலுவலரின் முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். "வெளிநாடு!" என்றார். "வெளிநாட்டுப் பயணம்! இது நம்ம நோயாளியே இல்லை. இறக்குமதி!"

"மார்ச்சு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சே சார்," என்றேன்.

"கொசுவுக்குக் காலண்டர் தெரியுமா நாகநாதன்?" என்று கேட்டுவிட்டு, மேலதிகாரிக்குப் போன் போட்டார். பேசப் பேச வெளிச்சம் குறைந்தது. அந்த நாடு வருடக்கணக்கில் முன்பே மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டதாம். சான்றிதழ் வாங்கிய நாட்டிலிருந்து மலேரியா வந்ததாக எழுதினால் நாளைக்கு நம் சான்றிதழை யார் மதிப்பார்கள் என்று மேலிடம் கேட்டது. நியாயமான கேள்வி. அலுவலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு படிவத்தில் நோய் தொற்றிய இடம் என்ற கட்டத்தில் எழுதினார்: 'கடல்'.

யேசுதாஸ் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். "கடல்ல கொசு ஏது சார்? காத்துல நிக்காதே."

"நிக்கலைய்யா. பறந்துட்டேதான் கடிச்சிருக்கு."

"சரி சார், எங்கன கடிச்சாலும் கடிச்சிட்டுப் போகட்டும். ஊசி போடுங்க சார்."

"கடல் என் எல்லையில வராது. எல்லைக்கு வெளியில உள்ள நோயாளிக்கு இந்த மருந்தை நான் தொட முடியாது. தொட்டா இருபத்துநாலு இருபத்துமூணு ஆயிடும். குழு எண்ணிப் பார்க்கும்."

அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று ஹமீதா பானு போன் போட்டார். போனின் ஒலிபெருக்கியில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "அனுப்புங்க சிஸ்டர், தாராளமா. ஆனா எங்க ஊசி மருந்து பூரா உங்க அலமாரியிலதான இருக்கு? பிள்ளையோட சேர்த்து அதையும் அனுப்பிருங்க." எங்கள் ஆம்புலன்சோ வாசலில் வாழைமரம் கட்டி, மாலை போட்டு, தயார் நிலைக் கண்காட்சியில் இரண்டாம் எண் பொருளாக நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்தாகிவிட்டது.

ஷெரினைப் படுக்கையில் சேர்த்தால் பதிவேட்டில் ஏறிவிடும். வீட்டுக்கு அனுப்பினால் நோயாளி தப்பி ஓடியதாக ஆகிவிடும். சேர்க்கவும் முடியாமல் அனுப்பவும் முடியாமல், கடைசியில் என் மருந்து அறையில் ஒரு பெஞ்சைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். யேசுதாசும் வெளியே போகக் கூடாது என்று வாட்ச்மேனை நிறுத்தினார் அலுவலர். ஊரில் பேச்சு கிளம்பிவிடுமாம்.

பெஞ்சுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. ஹமீதா பானு குளுக்கோஸ் ஏற்றினார், வெட்டுக்கு ஊசி போட்டார். அவை மலேரியா மருந்து இல்லை என்பதால் அலுவலர் தடுக்கவில்லை. எங்கள் நிலையத்து டாக்டரம்மா வரவேற்புக் குழுவில் பூங்கொத்து வாங்கப் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, "உடனே ஆர்ட்டிசுனேட் போடுங்க. ஆனா நான் சொன்னதா எழுதாதீங்க" என்றார்.

புஷ்பமேரி குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதானா சார் அந்த மருந்து?"

"ஆமாம்மா."

"சாவி யார்ட்ட இருக்கு?"

சாவி என் வேட்டி மடிப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு திருகு திருகினால் போதும், அரக்கு உடைந்துவிடும். பத்தொன்பது வருடம் ஒரு மாத்திரை கணக்கில் பிசகாதவன் நான். அந்தப் பெருமைதான் என் கையைப் பிடித்துக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நான் திறக்கவில்லை.

நாலு மணிக்கு அலுவலரே வந்து திறக்கச் சொன்னார். மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். புஷ்பமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒத்திகைக்கு ஒரு குப்பி எடுங்க," என்றார்.

குழுவுக்கு முன்னால் ஒரு மாதிரி நோயாளிக்குச் சிகிச்சை செய்து காட்ட வேண்டுமாம். விழாக் கட்டிலில் புது விரிப்பு விரித்து, அலுவலரின் ஜீப் டிரைவர் மருதுபாண்டி படுத்திருந்தார். வயது நாற்பத்தாறு, எடை தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. கழுத்தில் 'மாதிரி நோயாளி, பெண் குழந்தை, வயது 6' என்று அட்டை தொங்கியது. சொல்லிக்கொடுத்தபடி அவர் கையைக் காலை உதறினார். அலுவலர் ஒலிபெருக்கியில் விளக்கினார்.

"ஒரு குழந்தை வலிப்போடு வந்தால் நாங்கள் ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை. யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. முதலில் மருந்து, பிறகுதான் காகிதம்! இதுவே எங்கள் தாரக மந்திரம்!"

மருந்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யேசுதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஹமீதா பானு குப்பித் தூளைக் கரைத்து, குலுக்கி, ஊசிக்குழாயில் ஏற்றினார். மருதுபாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். "நெசமாக் குத்துறதுன்னா நான் வரலை சார். எனக்கு ஊசின்னா மயக்கம் வரும்."

"குத்த வேண்டாம் சிஸ்டர். கட்டிலுக்குக் கீழே வாளி இருக்கு. அதுல விட்டுருங்க. தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது," என்றார் அலுவலர்.

நீல வாளி. அதில் அந்தக் குப்பி மருந்து ஒரு ஸ்பூன் அளவு கிடந்தது. ஹமீதா பானு வாளியைப் பார்த்தபடியே நின்றார். நான் பதிவேட்டைத் திறந்தேன். 'நோயாளிக்கு வழங்கியது' என்ற கட்டத்தில் குழு வரும்வரை எதையும் எழுதக்கூடாது. 'செயல்முறை விளக்கச் செலவு' என்ற கட்டம் திறந்திருந்தது. அங்கே ஒன்று என்று எழுதினேன். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, முக்கால் பங்கு என்மேலேயே.

எழுதிய இடத்தை ஹமீதா பானு எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டத்தை விரலால் ஒருமுறை தொட்டார்.

"நாகநாதண்ணே, ஒத்திகைக்கு எத்தனை குப்பி வேணும்னாலும் எடுக்கலாமா?"

"எடுக்கலாம்மா. தடை இல்லை."

அவர் நேரே அலுவலரிடம் போனார். "சார், டிரைவரண்ணன் சரியா வரலை. வயசு ஆறுன்னு அட்டையில போட்டுட்டு மீசையோட படுத்திருந்தா குழு சிரிக்கும். உள்ள ஒரு பிள்ளை இருக்கு. வயசும் ஆறுதான். அதை நடிக்க வைப்போம். ஊசியும் நெசமாப் போட்டாத்தான் நம்புவாங்க."

அலுவலர் மருந்து அறை வாசலில் வந்து நின்று ஷெரினை உற்றுப் பார்த்தார். "நல்லா நடிக்குமா?"

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு மறுபடி வெட்டு வந்தது. கண் சொருகி, வாய் கோணி, பெஞ்சு தடதடவென்று ஆடியது. புஷ்பமேரி "யேசுவே" என்று அவள்மேல் விழுந்தாள்.

"பரவாயில்லையே," என்றார் அலுவலர். "அம்மாவும் நல்லாச் செய்றாங்க. ரெண்டு பேருக்கும் அட்டை எழுதுங்க."

ஆனால் காகிதம் வேண்டுமே. அதை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'என் மகள் ஷெரின் முழு உடல்நலத்துடன் இருக்கிறாள். அவளுக்கு மலேரியா உட்பட எந்த நோயும் இல்லை. அவள் என் சம்மதத்துடன் நோயாளியாக நடிக்கிறாள்.' கீழே யேசுதாசின் கையெழுத்து.

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தான்.

"சார், பிள்ளை செத்துப்போச்சுன்னா?"

"நடிப்புல யாருய்யா சாகிறாங்க?"

"இல்ல சார். செத்துப்போச்சுன்னா, நல்லா இருந்த பிள்ளை செத்ததா ஆயிருமே. எதுல செத்துச்சுன்னு நான் யார்ட்டயும் கேக்க முடியாதே."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். புஷ்பமேரி புருஷனின் கையைப் பிடித்துக் காகிதத்தின்மேல் வைத்தாள். "போடுங்க. அப்புறம் கேட்டுக்கலாம்." அவன் போட்டான். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த கை, நாலு எழுத்துப் போட அவ்வளவு நேரம் எடுத்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது ஒத்திகை நடந்தது. முதல் ஊசி ஷெரினின் நரம்பில் ஏறியது. அலுவலர் 'ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை' என்ற இடத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முதல் ஊசிக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அடுத்தது போட்டே ஆகவேண்டும். "குழு நாளைக்குக் காலையில சீக்கிரமே வந்துட்டா என்ன சார் பண்றது? ஆறு மணிக்கு இன்னொரு ஒத்திகை வச்சிருவோம்," என்றார் ஹமீதா பானு. அவருடைய அக்கறையை அலுவலர் மெச்சினார். பாராட்டுச் சான்றிதழுக்குப் பெயர் குறித்துக்கொண்டார்.

புதன் காலை ஆறு மணிக்கு மூன்றாவது ஒத்திகை. இரண்டாவது ஊசி. பிள்ளைக்கு வெட்டு நின்றிருந்தது, காய்ச்சல் நிற்கவில்லை. கண் திறக்கவில்லை. புஷ்பமேரியின் கழுத்தில் 'மாதிரித் தாய்' அட்டை தொங்கியது. அதைக் கழற்றவே அவளுக்கு நினைவில்லை. யேசுதாஸ் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். வாட்ச்மேன் விட்ட தூரம் அவ்வளவுதான்.

குழு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னது. பத்து மணிக்கு அவர்கள் தேவிபட்டினத்தில் நவபாஷாணம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடலோரக் கொசு அடர்த்தி ஆய்வு என்று பயணத் திட்டத்தில் இருந்தது. மதியம் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் கொசுப்புழு ஆய்வு. ஒவ்வொரு கிணற்றிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிப் பார்த்தும் புழு கிடைக்கவில்லை என்று அறிக்கையில் வந்தது. எங்கள் நிலையத்துக்கு அவர்கள் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தே முக்கால். மூன்றாவது ஊசிக்கு நேரம் ஆறு. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஆய்வுக் குழு தாமதமாக வந்ததற்கு நன்றி சொன்னேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்த காட்சி விவரம் இதுதான்: குழந்தை மயக்கத்தில் இருக்கும். ஊசி போடப்படும். அலுவலர் பன்னிரண்டு நிமிடம் உரையாற்றுவார். உரை முடிந்ததும் குழந்தை கண் விழித்துக் கும்பிடும். கைதட்டல்.

ஹமீதா பானு "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஊசியை மெதுவாக ஏற்றினார். அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தைக்கு எந்த நோயும் இல்லை. ஆனாலும் பாருங்கள், எவ்வளவு அருமையாகச் சிகிச்சை அளிக்கிறோம்! நோய் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால்..."

இரண்டாவது நிமிடத்தில் ஷெரின் கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது. "அம்மா, தண்ணி," என்றாள்.

அலுவலர் மைக்கைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "இப்ப இல்ல! இன்னும் பத்து நிமிஷம் இருக்கு! கண்ணை மூடச் சொல்லுங்க!"

புஷ்பமேரி கேட்கும் நிலையில் இல்லை. பிள்ளையை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். யேசுதாஸ் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். "நிறைய மாவட்டம் பார்த்திருக்கேன். இவ்வளவு இயல்பான நடிப்பை எங்கேயும் பார்த்ததில்லை. குறிப்பா அந்தத் தாய்!" என்றார்.

குப்பிகளை எண்ணினார்கள். இருபது. செயல்முறை விளக்கச் செலவு நாலு. இருபத்துநாலு சரி. பதிவேட்டில் முப்பத்தாறாவது பூஜ்யத்தை அவர்கள் முன்னாலேயே போட்டேன்.

சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறோம். ஷெரினுக்கு 'சிறந்த மாதிரி நோயாளி' என்று ஒரு கேடயம். அதை யேசுதாஸ் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். அவளுக்கு மேற்கொண்டு மூன்று நாள் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒத்திகை எதுவும் மிச்சமில்லை. மலேரியா மருந்துகளை மூட்டை கட்டும்போது ஒரு அட்டை மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே திருட்டு. இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே திருடப் பழகியிருக்கலாம்.

இருபது குப்பியும் குழுவின் வண்டியிலேயே போய்விட்டன. மலேரியா இல்லாத ஊருக்கு மலேரியா மருந்து எதற்கு என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாவட்டத்தில் அடுத்த வாரம் தயார் நிலை காட்ட வேண்டும், அங்கே குப்பி குறைவாம். அக்கரை ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் குப்பியைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை. சவுக்குக் கன்றுகளின் குழிகளை மூடச் சொல்லி நானும் எழுதினேன். அவை நினைவுச் சின்னத்தின் பகுதி என்று அதற்கு மட்டும் பதில் வந்தது.

குழு வந்துபோன பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. முப்பத்தாறு குழியும் நிறைந்திருந்தன. மதியம் யேசுதாசின் பக்கத்து வீட்டுக் கிளாட்சன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். தோளில் அவன் மகன் ரெக்ஸ், நாலு வயது. தலை தொங்கிப் போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

கிளாட்சனுக்கு விவரமெல்லாம் தெரிந்திருந்தது. காய்ச்சல் என்ற வார்த்தையையே அவன் எடுக்கவில்லை. பையனின் கழுத்தில், ஷெரினுடைய பழைய அட்டை கட்டியிருந்தது. வயது 6 என்பதை அடித்து 4 என்று எழுதியிருந்தான்.

"சார், இவனும் நல்லா நடிப்பான் சார். ஷெரினைவிட நல்லாவே நடிப்பான். ஒத்திகை எப்ப சார்?"

ஹமீதா பானு என்னைப் பார்த்தார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். யாருடைய அனுமதியும் கேட்காமல் நான் அந்த அலமாரியைத் திறந்தது அன்றைக்குத்தான். உள்ளே சிவப்பு ரிப்பன் இருந்தது. 'தயார் நிலை' அட்டையும் இருந்தது.